பூங்கா பெஞ்சில் ஒரு மருந்துச் சீட்டு

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பூங்காவின் நான்காவது பெஞ்சில் ரத்தம் எடுக்கும் வேலை தொடங்கிவிடும்.

வரிசையில் பதினொரு பேர். எல்லாரும் அப்போதுதான் ஓடி முடித்து, இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருப்பவர்கள். ஊசி அவரவருடையது, விரல் அவரவருடையது, சர்க்கரை அளக்கும் கருவி மட்டும் பொது. துளி ரத்தம் சீட்டில் ஒட்டியதும் கருவி ஐந்து விநாடி யோசித்து ஓர் எண்ணைச் சொல்லும். அதைக் கேப்டன், தேர்வு முடிவை அறிவிக்கும் குரலில் உரக்கப் படிப்பார். நூற்று அறுபதுக்குக் கீழே இருந்தால் வெள்ளைப் பலகையில் பச்சை மை. மேலே போனால் சிவப்பு. பச்சைக்குக் கைதட்டல் உண்டு. சிவப்புக்கு எல்லாரும் சேர்ந்து ‘ச்சொ ச்சொ’ என்று நாக்கைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்பதைவிட இன்னொரு விரலில் குத்திக்கொள்வது மேல் என்று தோன்றும்.

கேப்டன் எந்தப் படையிலும் இருந்தவர் அல்லர். எந்த ஆட்டத்திலும் ஆடியவரும் அல்லர். போல்ட், நட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அளவுக்குள் வந்தது பச்சைப் பெட்டி, வராதது சிவப்புப் பெட்டி. முப்பத்தோரு வருடம் இதையே செய்தவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் பெட்டியும் இல்லை, போல்ட்டும் இல்லை. வீட்டில் இருந்த எதுவும் அவருடைய அளவுக்குள் வரவில்லை. அவர் மனைவி சொல்லியே விட்டாள், “காலைல எங்கயாவது போயிட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று. பூங்காவுக்கு வந்தார். ஒரு தொப்பி வாங்கினார். ஒரு விசில் வாங்கினார். பட்டம் தானாக வந்து தலையில் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கும் சர்க்கரை உண்டு. தினம் ஒரு மாத்திரையோடு அடங்கிவிடுகிற சாதுவான சர்க்கரை. நான்கு மாதம் நடந்ததில் நூற்று எண்பதிலிருந்து நூற்றுப் பத்துக்கு இறங்கியது. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குணமானவன் சும்மா இருந்ததாகச் சரித்திரம் உண்டா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் கேப்டன் அப்போது கால் வைத்தியர்கூட இல்லை. ஆனால் முயற்சியில் குறை வைக்கவில்லை. ‘நாற்பது நாள் சவால்’ என்று பெயர் வைத்து, எட்டுச் சுற்று ஓட்டம், கடைசி இரண்டு சுற்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டம், உடனே ரத்தம் என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். அவர் மட்டும் ஓடுவதில்லை. மூட்டுவலி. ஆகவே பெஞ்சில் உட்கார்ந்து விசில் ஊதினார்.

இந்த வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக வந்து சேர்ந்தவர்தான் கேப்டனின் தங்கை கணவர்.

ஆயத்த ஆடை செய்யும் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். ‘கட்டிங் மாஸ்டர்’ என்பதே நாளாவட்டத்தில் அவர் பெயராகி, வீட்டுக்கு வரும் தபாலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் மாஸ்டர்தான். அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்குக் கட்டியால் போட்ட கோட்டின்மேல் மின்சாரக் கத்தியை ஓட்டினால், மேலே இருக்கும் காலரும் அடியில் இருக்கும் காலரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகளின் படிப்பு முழுக்க அந்தக் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய சர்க்கரை வேறு ஜாதி. இருபத்து நான்கு வயதில் வந்தது. கணையம் அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டது. இன்சுலின் என்ற ஒன்று அவர் உடம்பில் சொந்தமாக ஊறுவதே இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஊசியில் ஓடுகிற உடம்பு. மருத்துவமனையில் அவரைப் பார்க்கும் டாக்டரம்மா சொன்னதைச் சின்னக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்: நிதானமாக நட, நடந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பார், நடக்கும் நாளில் ஊசியைக் கூட்டாதே, பையில் எப்போதும் நான்கு மிட்டாய் இருக்கட்டும்.

அப்படித்தான் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தார், வீட்டுக்கும் கம்பெனிக்கும். ஆனால் அவர் மனைவிக்கு, அதாவது கேப்டனின் தங்கைக்கு, பயம். பக்கத்து வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. அண்ணனிடம் வந்து, “அண்ணா, இவரையும் உன் குரூப்புல சேத்துக்கோயேன். நீ சொன்னா கேப்பாரு” என்றாள்.

கேப்டனுக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்தது. அவருடைய கருணையில் கலப்படம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கைமேல் உயிர். தங்கை கணவர்மேலும் பிரியம்தான். தனக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்க வேண்டும் என்றே நினைத்தார். கெட்ட எண்ணம் துளியும் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்தே இருக்காது.

முதல் நாள் மாஸ்டர் தன் வழக்கப்படி நிதானமாக நடந்தார்.

“மாப்ள, இது என்ன நடை? துக்க வீட்டுக்குப் போறவன்கூட இதவிட வேகமாப் போவான்.”

“டாக்டரம்மா இப்படித்தான் நடக்கச் சொன்னாங்க மச்சான்.”

“அந்தம்மா என்னிக்காவது ஓடிப் பாத்திருக்கா? நாற்காலில உக்காந்து எழுதறதுக்கு என்ன? நான் கண்ணால பாத்தவன் சொல்றேன். சர்க்கரைங்கறது எரியற சாமான். எவ்வளவு ஓடறியோ அவ்வளவு எரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இந்தக் கணக்கு.”

சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கில் மட்டும் உடம்பு நடந்தால் மருத்துவக் கல்லூரிகளை எல்லாம் கல்யாண மண்டபமாக மாற்றிவிடலாம். ஆனால் இதை அங்கே யாரும் சொல்லவில்லை. அன்று நடந்துவிட்டு வந்த மாஸ்டருக்குக் கருவி நூற்று நாற்பத்திரண்டு காட்டியது. பச்சை மை. கைதட்டல்.

“பாத்தியா, நடந்ததுக்கே இது. ஓடினா?”

இரண்டாம் நாள் ஓட வைத்தார். கடைசி இரண்டு சுற்றுக்கு விசிலை ஊதிக்கொண்டே, “விடாத, விடாத, பின்னால கடன்காரன் வர்றான்னு நெனச்சுக்கோ!” என்று கத்தினார். நாற்பத்தாறு வயது உடம்பு, நாள் முழுக்க மேசைமேல் குனிந்தே பழகியது, வாயைப் பிளந்துகொண்டு பெஞ்சில் வந்து விழுந்தது. விரலை நீட்டினார்.

இருநூற்று அறுபத்தெட்டு.

கேப்டன் எண்ணை உரக்கப் படிக்காமல் ஒரு நிமிடம் கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி குத்தினார். இருநூற்று எழுபத்தொன்று.

“காலைல என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணுமில்ல மச்சான். வெறும் தண்ணி.”

வரிசையில் நின்ற மளிகைக்கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார். “தண்ணிதான்... அதுல எத்தனை கரண்டி போட்டாரோ! நம்ம கடைல மாசம் நாலு கிலோ போகுது அவங்க வீட்டுக்கு.”

“அது மகளுக்கு டீ போடறதுக்கு அண்ணாச்சி...”

“எல்லாத் திருட்டுப் பூனையும் இதத்தான் சொல்லும்.”

சிரிப்பு. சிவப்பு மை. ச்சொ ச்சொ.

மறுநாள் மாஸ்டர் இன்னும் வேகமாக ஓடினார். மனிதனுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. நேற்று போதாததால்தான் ஏறிவிட்டது போல என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். கருவி இருநூற்று எண்பத்து மூன்று என்றது. ஓட ஓட ஏறுகிற சர்க்கரையைப் பூங்கா அதுவரை பார்த்ததில்லை. மற்றவர்களுக்கும் ஓட்டம் முடிந்ததும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஆனால் அவர்கள் உடம்பில் சொந்த இன்சுலின் மிச்சம் இருந்ததால் சிவப்புக்கு எட்டவில்லை. கேப்டனுக்கு இதில் தெரிந்தது ஒன்றே ஒன்று: அளவுக்கு வராத போல்ட் என்றால் செய்த இடத்தில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது. அவர் தங்கை கணவரின் சட்டைப்பையில் கையை விட்டார். நான்கு மிட்டாய்கள் வந்தன.

“அடப்பாவி மாப்ள!”

“மச்சான், அது சர்க்கரை எறங்கினா போட்டுக்கறதுக்கு. டாக்டரம்மா...”

“எறங்கினாவா? உனக்கா? இருநூத்து எண்பத்து மூணுல நிக்கறவன் எறங்கறதப் பத்திப் பேசறான் பாருங்கய்யா!”

பூங்காவே சிரித்தது. கேப்டன் நான்கு மிட்டாய்களையும் பலகையின் கீழ் விளிம்பில், பிடிபட்ட திருட்டுப் பொருளைப் போலீஸ்காரர் மேசைமேல் பரப்புவதைப் போல வரிசையாக வைத்தார். பிறகு குப்பைத் தொட்டியில் போட்டார். மாஸ்டர் குனிந்து ஷூ முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். வெகு நேரம் போட்டார். அது முடிச்சே இல்லாத ஷூ.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கை, கணவரின் பையையும் அலமாரியையும் துழாவி, கம்பெனிப் பைக்குள் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தையும் எடுத்து ஒளித்து வைத்தாள். “இருபத்திரண்டு வருஷமா உங்களுக்குப் பத்தியம் சமைச்சுச் சமைச்சு என் நாக்கே செத்துப்போச்சு. நீங்க பைல மிட்டாய் வச்சுத் திங்கறீங்க” என்று அழுதாள். அவர் விளக்க முயன்றார். அழுகிற மனைவியிடம் விளக்கம் சொல்லி வென்றவன் யார்?

அன்று மாலை கேப்டன் தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

“ஓடி வந்ததும் எவ்வளவு இருக்கோ, அதுக்குத் தகுந்த மாதிரி ஊசியக் கூட்டிப் போட்டுக்கோ. ரெண்டு யூனிட்டு, மூணு யூனிட்டு. காலைச் சாப்பாட்டப் பாதியாக்கு. பத்தே நாள். பச்சைக்குக் கொண்டுவரலன்னா என் தொப்பியக் கழட்டி வச்சிடறேன்.”

“மச்சான், ஊசி கூடிப்போனா எனக்கு மயக்கம் வரும். கையெல்லாம் நடுங்கி, வேர்த்து...”

“நடுக்கம் பலவீனத்துல வர்றது. உடம்பு தேறினா தானாப் போயிடும்.”

“ஒரு வார்த்தை டாக்டரம்மாவக் கேட்டுட்டு...”

“அவங்கள ரெண்டு மாசம் கழிச்சுத்தான பாக்கப் போற? அப்ப ரிப்போர்ட்டக் காட்டு, அசந்துபோவாங்க. ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

இந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, குடும்பங்களில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது. மாஸ்டர் மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார்.

ஒரு வாரம் போனது. தினமும் ஓட்டம், தினமும் சிவப்பு, தினமும் கூடுதல் ஊசி. முதல் இரண்டு நாள் கம்பெனியில் பத்து மணிக்கு மேல் அவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. சக தொழிலாளியின் டீயை வாங்கிக் குடித்துச் சமாளித்தார். ஐந்தாம் நாளிலிருந்து நடுக்கம் வரவில்லை. வேர்வையும் இல்லை. கொஞ்சம் தலை பஞ்சு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இதைப் பெஞ்சில் சொன்னார்.

கேப்டன் எழுந்தே நின்றுவிட்டார். “கேட்டீங்களா எல்லாரும்? நடுக்கம் போயிடுச்சு! நான் என்ன சொன்னேன்?”

அன்று ஒரு நாள் மட்டும் சிவப்பு எண்ணுக்கும் கைதட்டல் கிடைத்தது.

ஒன்பதாம் நாள் காலை கருவி இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு காட்டியது. பத்தாம் நாளுக்குத் தொப்பி பணயமாக இருந்தது. “நாலு யூனிட்டாப் போட்டுடு மாப்ள. இன்னிக்கு ஒரு நாள் சாப்பாட்டையும் தள்ளி வை. நாளைக்குப் பச்சை மைதான்” என்றார் கேப்டன். மாஸ்டர் அதற்குள் எதிர்க் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்து, ஊசி போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்தார்.

பதினொன்றே கால் மணிக்குத் தங்கை போன் செய்தாள். கேப்டன் அப்போது மறுநாளுக்காகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனை நடைபாதையில் கம்பெனியின் இஸ்திரிக்காரர் நின்றிருந்தார். அவருடைய பனியன் முழுக்க ரத்தம். அது தன்னுடையது இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டனைக் கண்டதும் முழுக்கதையும் ஒரே மூச்சில் வந்தது.

“பத்தரை வாக்குலயே ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு சார். கூப்பிட்டா திரும்பறாரு, பதில் சொல்ல மாட்டேங்கறாரு. போட்ட கோட்டு மேலயே திரும்பத் திரும்பக் கோடு போட்டுக்கிட்டு இருந்தாரு. கோவத்துல இருக்காருன்னு நெனச்சோம். அப்புறம் மெஷின எடுத்தாரு. இரும்பு வலைல கையுறை ஒண்ணு இருக்கும் சார், துணியப் பிடிக்கற இடது கைல போடறது. பதினேழு வருஷமா அவரு அதப் போடாம மெஷினத் தொட்டதில்ல. இன்னிக்கும் போட்டுத்தான் இருந்தாரு.” இஸ்திரிக்காரர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “வலது கைல மாட்டியிருந்தாரு சார். யாரும் கவனிக்கல. கத்தி கோட்ட விட்டு வெளிய போகுது, இடது கை அங்கேயே இருக்குது. விரல் போனதுகூட அவருக்குத் தெரியல. ‘என்னப்பா துணி செவப்பா இருக்கு’ன்னு கேட்டுட்டு விழுந்துட்டாரு.”

மூன்று விரல்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல். ஒட்ட முடியாது என்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்தபோது அவருக்குச் சர்க்கரை முப்பத்தாறு. இன்னும் கால் மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் விரலைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருந்திருக்காது.

டாக்டரம்மா வெளியே வந்தார். பூங்காவில் பத்து நாளாகப் பேச்சில் அடிபட்டவரைக் கேப்டன் அப்போதுதான் நேரில் பார்த்தார். தூக்கம் இல்லாத கண்கள், பழைய செருப்பு, கையில் ஆறிப்போன டீ.

“இவருக்கு ஊசியக் கூட்டச் சொன்னது யாரு?”

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. அதனாலேயே டாக்டரம்மா சரியான ஆளைப் பார்த்துவிட்டார்.

“ஓடிட்டு வந்தா ஏறிக்கிட்டே இருந்துச்சு டாக்டர்” என்றார் கேப்டன். அவருக்கே அந்நியமாக இருந்தது அந்தக் குரல். “ஓடினா எரியணுமில்ல? ஏறுச்சு. இருநூத்தித் தொண்ணூறு. அதான்...”

“ஏறத்தான் செய்யும். நிதானமா நடந்தா தசை சர்க்கரைய எடுத்துக்கும், மெதுவா எறங்கும். உயிர் போற மாதிரி ஓட வச்சா உடம்பு பயந்துக்கும். அட்ரினலின்னு ஒரு ஹார்மோன் பீறிட்டு வரும். கூடவே குளுக்ககான், கார்டிசால்னு ஒரு கூட்டமே கிளம்பும். வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாம இருபது பேர் வந்தா அடுக்களைல இருக்கறத எல்லாம் எடுத்து வெளிய வைப்போமே, அந்த மாதிரி கல்லீரல் சேத்து வச்ச சர்க்கரைய ரத்தத்துல கொட்டும். உங்களுக்கெல்லாம் உடனே சொந்த இன்சுலின் வந்து அள்ளிட்டுப் போயிடும். இவருக்கு அள்ள ஆளில்ல. அதனால ஒரு மணி, ரெண்டு மணி நேரம் மேலயே நிக்கும். அது இவர் சாப்பிட்டதும் இல்ல, திருடினதும் இல்ல.”

“அப்ப அந்த நம்பரு...”

“அந்த நேரத்து நம்பர். அவ்வளவுதான். அதுக்கப்புறம் காலியான தசை சர்க்கரையத் தேடித் தேடி எடுத்துக்கும். நாள் முழுக்க எடுக்கும். அந்த நேரம் பாத்து நீங்க நாலு யூனிட்டும் ஏத்தி, வயித்தையும் காயப் போட்டீங்க. எறங்காம என்ன செய்யும்?”

“ஆனா நடுக்கம் நின்னுடுச்சே டாக்டர். தேறிட்டாருன்னு...”

டாக்டரம்மா டீக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். “நடுக்கம், வேர்வை எல்லாம் அதே அட்ரினலின் அடிக்கற மணி. சர்க்கரை எறங்குது, எந்திரின்னு சொல்ற மணி. தினமும் ஓட வச்சு, தினமும் எறக்கிவிட்டா உடம்பு மணி அடிக்கறத விட்டுடும். மணி நின்னு போச்சு. நீங்க கை தட்டினீங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். வார்டில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

கேப்டன் நடைபாதை இருக்கையில் உட்கார்ந்தார். எதற்கென்று தெரியாமல் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. பெரிய படிப்புப் படித்த இளம் என்ஜினீயர் ஒருவன் வேலையில் சேர்ந்த முதல் நாளே, இயந்திரத்திலிருந்து வெளிவந்த போல்ட்டுகளைச் சூட்டோடு சூடாக அளந்து, அத்தனையும் அளவுக்கு மேலே என்று நூறு போல்ட்டைச் சிவப்புப் பெட்டியில் கொட்டிவிட்டான். இரும்பு சூட்டில் விரியும் என்பது அவன் படித்த புத்தகத்திலேயே இருந்திருக்கும். கேப்டன் அன்று தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: “ஆறவிட்டு அளக்கணும்யா! சூட்டுல அளந்தா நல்லதுகூடக் கெட்டதாத்தான் தெரியும்!” இரும்புத் துண்டுக்குக் கொடுத்த அந்த அரை மணி அவகாசத்தைத் தங்கை கணவருக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள்தான் மாஸ்டரைப் பார்க்க அவருக்குத் துணிவு வந்தது. கட்டுப் போட்ட இடது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். தங்கை, அண்ணனைக் கண்டதும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

“மாப்ள...”

“உக்காருங்க மச்சான்.”

கேப்டன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு மாஸ்டரே ஆரம்பித்தார், யாரோ ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

“வலது கைதான் பெரிசுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. வலது கை சும்மா மெஷினத் தள்ளும், அவ்வளவுதான். துணி எங்க வழுக்குது, எங்க காத்து புகுந்திருக்குன்னு சொல்றது இடது கை விரலுதான். கம்பெனில நல்லவங்க. வாசல்ல உக்காந்து மூட்டை எண்ணற வேலை தர்றேன்னிருக்காங்க. பாதிச் சம்பளம். பொண்ணு படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போறேங்கறா.”

“என்ன மன்னிச்சிடு மாப்ள. நான் நல்லது நெனச்சுத்தான்...”

“தெரியும். அதான் கஷ்டமே.” மாஸ்டர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “கெடுக்கணும்னு வந்தவனா இருந்தா நான் சுதாரிச்சிருப்பேன் மச்சான். மிட்டாயத் தூக்கிப் போட்டப்ப கையப் பிடிச்சிருப்பேன். நீங்க உரிமையோட வந்தீங்க. பத்துப் பேர் முன்னால திருடன்னு சொன்னீங்க. நான் திருடன் இல்லைன்னு காட்டறதுக்காகவே நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேன்.”

கேப்டன் எழுந்தார். வெளியே வந்தபோது நடைபாதையில் தங்கை சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “உன்னச் சொல்லிக் குத்தமில்ல அண்ணா. அவர் பையிலேருந்த பொட்டலத்த எடுத்து ஒளிச்சு வச்சது நான்.”

இரண்டு வாரம் கழித்துக் கேப்டன் பூங்காவுக்குப் போனார், பலகையையும் கருவியையும் எடுத்து வந்துவிடலாம் என்று. நான்காவது பெஞ்சில் கூட்டம் இருந்தது. மளிகைக்கடைக்காரர் கருவியைப் பிடித்திருந்தார். கேப்டன் இல்லாமலே சவால் முப்பத்தைந்தாம் நாளை எட்டியிருந்தது. உலகில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் வரலாம், அரை வைத்தியர்களுக்கு வந்ததே இல்லை.

வாயிலருகே புது ஆள் ஒருவர் அவரை மறித்தார். வங்கியில் வேலை பார்ப்பவர் போல. புது ஷூ, புதுத் துண்டு, முகத்தில் புது நோயாளியின் பயம்.

“சார், நீங்கதான கேப்டன்? எனக்குப் போன மாசந்தான் தெரிஞ்சது. ஊசி போட்டுக்கச் சொல்லிட்டாங்க. இங்க வந்தா ஊசியே வேண்டாம்னு கேள்விப்பட்டேன். எத்தனை சுற்று ஓடணும் சார்?”

கேப்டனுக்கு வாய் திறந்தது. முப்பத்தோரு வருடத்துப் பழக்கம், பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்குத் தெரியாது” என்றார்.

அறுபத்து மூன்று வயதில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. வந்தவருக்கு ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. தெரியாது என்கிறவனிடம் யாருக்கு என்ன வேலை? பெஞ்சிலிருந்து மளிகைக்கடைக்காரர் கையை ஆட்டினார்: “இங்க வாங்க சார்! நான் சொல்றேன். எட்டுச் சுற்று, கடைசி ரெண்டு சுற்று பறக்கணும்!” புது ஆள் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கேப்டன் ஓடினார். மூட்டு கத்தியது, இருந்தும் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு இரைக்க, பெஞ்சில் இருக்கும் பதினொரு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நடங்க சார், நல்லது. ஓடவும் செய்யலாம். ஆனா ஓட்டமும் ஊசி மாதிரி ஒரு மருந்துதான். யாருக்கு எவ்வளவு, எந்த வேகத்துல, எப்ப அளக்கணும், பைல என்ன இருக்கணும்னு உங்க உடம்பப் பாத்த டாக்டர் சொல்லணும். பக்கத்துல ஓடறவன் சொல்லக் கூடாது. ஒருத்தன் நோவப் பத்துப் பேர் முன்னால பலகைல எழுதிச் சிரிக்கவும் கூடாது. இது ரெண்டையும் இந்த பெஞ்சுல உக்காந்து நான்தான் செஞ்சேன். எந்தங்கச்சி வீட்டுக்காரருக்கு இப்ப இடது கைல ரெண்டே விரல்தான் இருக்கு.”